ட்ரையல் மெடிக்கலுக்கு வந்த ரெஜினா

1. ஒத்திகை

அமெரிக்கா போய்க் குடியேறுகிறவர்களுக்கு விசா இண்டர்வியூவுக்கு முன்னால் சென்னையில் ஒரு மெடிக்கல் உண்டு. தூதரகம் சொல்லியிருக்கும் டாக்டர்களிடம்தான் அதை எடுக்க வேண்டும். எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசி எல்லாவற்றையும் அவர்களே பார்த்து, ரிப்போர்ட்டையும் அவர்களே அனுப்பிவிடுவார்கள். இதில் நாம் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சென்னைக்குப் போவதற்கு முன் அதே டெஸ்ட்டுகளை விழுப்புரத்தில் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அதற்கு ட்ரையல் மெடிக்கல் என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது, எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் லேப் டெக்னீஷியன். முதலில் அரசாங்கத்தின் காசநோய்ப் பிரிவில் சளி ஸ்லைடு பார்த்தேன். ரிட்டயர் ஆனபிறகு விழுப்புரத்தில் ஒரு தனியார் லேபில் சேர்ந்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வந்துபோவேன். எனக்கு முன்கோபம் அதிகம். ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னால் கதை பேசுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

ட்ரையலுக்கு வருகிறவர்கள் உடம்பைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். ஒருவர் ஒரு மாதம் முழுக்க மாதுளம்பழச் சாறாகவே குடித்து, நன்றாக இருந்த சுகரை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு பெரியவர் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்தார். நரைக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ஆளு தெம்பா தெரியணும் இல்ல மேடம்" என்றார். எக்ஸ்ரே பளிச்சென்று விழட்டும் என்று நெஞ்சு முழுக்கப் பவுடர் பூசி வந்தவரும் உண்டு. டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்போம்.

இந்தப் பயத்துக்கெல்லாம் எண்ணெய் ஊற்றியவர் சேகர். திண்டிவனத்தில் விசா கன்சல்டன்சி வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயமுறுத்தினால்தான் ஆட்கள் ஒழுங்காக வருவார்கள் என்று நம்புகிறவர். "எக்ஸ்ரேல நெஞ்சுல ஒரு புள்ளி இருந்தாக்கூட போச்சு. அப்பறம் ஜென்மத்துக்கும் விசா கெடையாது" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லுவார். அது உண்மையே இல்லை. டி.பி. இருந்தாலும் வைத்தியம் முடித்துவிட்டுப் போகலாம். நான் எத்தனையோ தடவை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்வார், அடுத்த ஆளிடம் அதையே சொல்லுவார்.

2. பாட்டிலின் நிறம்

ரெஜினா முகையூர்ப் பக்கத்துப் பெண். பி.காம். படித்தவள். கணவன் சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு அமெரிக்கா போனவன். கிளியனூரில் இருக்கும் அவன் சொந்தக்காரர்கள் வழியாகச் சம்பந்தம் அமைந்தது. வந்தான், சர்ச்சில் கல்யாணம் முடிந்தது, லீவு முடிந்ததும் போய்விட்டான். அதிலிருந்து அவள் விசாவுக்குக் காத்திருந்தாள். அம்மா இல்லாத பெண். அப்பா அந்தோணிசாமி கரும்பு வெட்டப் போகிறவர், வெட்டு இல்லாத நாளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவார்.

இரண்டு பேரும்தான் லேபுக்கு வந்தார்கள். அவர் உள்ளே வரவில்லை. வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் எக்ஸ்ரே எடுத்தோம். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, "க்ளீனா இருக்கு" என்று சொல்லிவிட்டார். ரத்தமும் எடுத்தாயிற்று. பிறகு அவள் யூரின் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

நான் கதவைச் சாத்தினேன்.

"என்னா மாத்திர சாப்புடற நீ?"

"ஒண்ணும் இல்ல மேடம். சத்து மாத்திர."

"சத்து மாத்திரைக்கு மஞ்சளா போவும். இந்தக் கலரு டி.பி. மாத்திரைக்கு. டி.பி. ஆஸ்பத்திரியில வேல பாத்தவகிட்ட கத வுடாத. யாரு குடுத்தா?"

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு மெதுவாக, "அப்பாது மேடம்" என்றாள்.

அந்தோணிசாமிக்குச் சில மாதம் முன்னால் டி.பி. என்று தெரிந்து, அரசு மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். மகளுக்கும் ஒட்டியிருக்குமோ என்ற பயம். அதற்குமேல் சேகர் சொன்ன அந்த ஒரு புள்ளி. மாத்திரையை முன்கூட்டியே சாப்பிட்டு நெஞ்சைச் சுத்தம் செய்துகொண்டு மெடிக்கலுக்குப் போய்விடலாம் என்று அப்பாவே முடிவு செய்திருக்கிறார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் அவரே பிரித்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

"நீ சாப்புட்டா அவரு எத சாப்புடுவாரு?" என்று கேட்டேன்.

"கவர்மெண்ட்ல நெறைய குடுக்கறாங்க, மிஞ்சுதுன்னு சொன்னாரு."

"மிஞ்சாது. எடையப் பாத்து எண்ணித்தான் குடுப்பாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து ஓடிப்போய் அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். "நீ சாப்புடறியா இல்லியாப்பா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"எனுக்கு இருமல் கொறஞ்சிட்ச்சி மேடம். நல்லாத்தான் வேலைக்குப் போய்க்கினு இருக்கேன். ஒரே ரூமு வூடு. எங்கிட்டேர்ந்து அவளுக்கு ஒட்டிக்கினு இருந்தா என்னா பண்றது? நான் எங்க போவப் போறேன். போவப் போறவ அவதான."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாது, அந்த மாத்திரைக்குப் பழகிக்கொள்ளும், பிறகு அதே மாத்திரையை மூட்டையாகக் கொடுத்தாலும் கேட்காது என்று கத்தினேன். அவளுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை என்றும் கத்தினேன். ஹாலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மனுஷன் தலையைக் குனிந்து நின்றார். மகளுக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, மேலே திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து அவருடைய ஏரியா டி.பி. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

3. சேகரின் யோசனை

சேதி தெரிந்து சாயங்காலம் சேகர் லேபுக்கே வந்துவிட்டார். அப்பாவும் மகளும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

"ரிப்போர்ட்ட மட்டும் குடுங்க மேடம். மாத்திர பேச்சே வாணாம். எல்லாம் க்ளீனா இருக்குது. அங்க போயி ஏன் வாயக் குடுத்துக்கினு?"

"வூட்ல யாருக்காவது டி.பி. இருக்கான்னு கேப்பாங்க சேகர்."

"இல்லன்னு சொன்னா முடிஞ்சிபோச்சி."

"நாளைக்குத் தெரிஞ்சா பொய் சொன்ன பொண்ணுன்னு எழுதுவாங்க. நீ சொல்றியே ஜென்மத்துக்கும் விசா கெடையாதுன்னு, அது அப்பதான் நெசமாவும்."

"உண்மைய சொன்னா மாசக்கணக்குல இழுப்பாங்க. மாப்ள வூட்ல என்னா நெனைப்பாங்க? பெரிய பேஜாராப் போவும் மேடம்."

இழுப்பார்கள் என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ரெஜினாவிடம் இரண்டையும் சொன்னேன். சொன்னால் கூடுதல் டெஸ்ட் இருக்கும், இண்டர்வியூ தள்ளிப்போகும், கடைசியில் போய்விடலாம். மறைத்தால் ஜல்தியாகப் போகலாம், மாட்டினால் விசாவைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "சொல்லிட்றேன் மேடம்" என்றாள்.

அந்தோணிசாமி அப்போதுதான் குரலை உயர்த்தினார். "என் சீக்க அங்கபோயி சொன்னின்னா நான் உங்கூட பேசமாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் சென்னைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. மூன்று நாள் காலையில் சளி எடுத்தார்கள். கல்ச்சருக்கு வைத்தார்கள். கிருமி வளருகிறதா என்று பார்த்து முடிக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை இண்டர்வியூ இல்லை என்றார்கள்.

அவள் சென்னையிலிருந்து திரும்பிய அடுத்த நாள் அந்தோணிசாமி தனியாக லேபுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"எம் பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு இருமல் வந்துவிட்டது. படியிறங்கிக் கீழே போகும்வரை அந்தச் சத்தம் கேட்டது. இருமல் குறைந்துவிட்டது என்று சொன்னவர் அவர்.

4. காத்திருந்த நாட்கள்

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தும் அவருக்குக் குணம் தெரியவில்லை. சளியை மேல் டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முக்கியமான மருந்து கேட்காது என்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து வேறு மருந்து கொடுத்தார்கள். நடுவில் விட்டதால்தான் இப்படி ஆயிற்றா என்று நான் அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். முன்னாலேயே இருந்திருக்கலாம், விட்டதாலும் வந்திருக்கலாம், இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார். டாக்டர் பேசவேண்டிய முறையில்தான் பேசினார். தான் அவர் மாத்திரையைச் சாப்பிட்டதால்தான் என்று ரெஜினா அதற்குள் தனக்கென்று ஒரு பதிலை வைத்துக்கொண்டுவிட்டாள்.

சாயங்காலம் ரயிலுக்கு நேரமிருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மாஸ்க் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைக் கையால் காட்டுவார். என்னைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் அவள் கேண்டீனுக்குப் போயிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து, "மெட்ராஸ்லேர்ந்து எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. நல்லதாத்தான் வரும். எக்ஸ்ரேவ நான் பாத்தேன் இல்ல."

"நான் ஒருத்தன் இல்லாம இருந்திருந்தா அவ இந்நேரம் போயிருப்பா."

"அப்பிடிப் பேசாதீங்க" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் ரத்தமாக இருமி, இறந்துபோனார். முகையூர்ப் பக்கம் கல்லறைக்கு நானும் போயிருந்தேன். சேகரும் வந்திருந்தார். ஓரமாக நின்றார். ஈரமண் மேடு போட்டு முடியும்வரை ரெஜினா அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, "கடைசி வரைக்கும் பேசல மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

சென்னையிலிருந்து ரிசல்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. மெடிக்கல் பாஸ். இண்டர்வியூவும் சிக்கல் இல்லாமல் முடிந்து, விசா கிடைத்தது.

5. அவள் கேட்ட கேள்வி

அமெரிக்கா போவதற்கு முன் ரெஜினா லேபுக்கு வந்தாள். அன்று கூட்டம் இல்லை. பிளாஸ்டிக் பை ஒன்றை மேசைமேல் வைத்தாள். அப்பாவுக்குக் கொடுத்த மருந்தில் மீதி.

"இத எங்க குடுக்கணும் மேடம்? வூட்ல வெச்சிட்டுப் போவ பயமா கீது. யாராவது எடுத்து முழுங்கிடுவாங்க."

சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். போகாமல் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அப்பா குடுத்தத சாப்புட்டேன் இல்ல, அதனாலதான் எனுக்கு ஒண்ணும் இல்லாம போச்சா?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதை அமெரிக்கா வரைக்கும் எடுத்துக்கொண்டு போய், ஆயுசுக்கும் வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா கொடுத்தது வீணாகவில்லை என்று இருந்திருக்கும். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் உண்மையைச் சொல் என்று அந்தப் பெண்ணைச் சென்னைக்கு அனுப்பியவள் நான். அதற்கு அவள் அப்பாவின் பேச்சையே விலையாகக் கொடுத்தாள். அவளிடம் போய் நான் எப்படிப் பொய் சொல்வது.

"இல்லம்மா" என்றேன். "கொஞ்ச நாள் மாத்திரையில எக்ஸ்ரே சுத்தமாவாது. ஒனுக்கு மொதல்லேர்ந்தே ஒண்ணும் இல்ல."

தலையை ஆட்டினாள்.

"தெரியும் மேடம். நெட்ல பாத்தேன். இருந்தாலும் நீங்க வேற மாதிரி சொல்லுவீங்களான்னு கேட்டேன்."

போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து சேதி இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்னது சரிதானா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது.

லேபில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ட்ரையலுக்கு வருகிறவரிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்னால், மெடிக்கலுக்காக என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். பவுடரும் டையும் என்றால் விட்டுவிடலாம். மாத்திரை என்றால், அது யாருடைய மாத்திரை என்று அடுத்து கேளுங்கள். அந்த ஆளைத் தேடிப் போங்கள், அன்றைக்கே போங்கள்.