மூன்றைத் தாண்டாத குமிழ்

குருநகரில் கடலோரக் கோயில் ஒன்றின் பாடகர் குழுவில் அடைக்கலநாதன் என்றொருவர் இருக்கிறார். அவரைக் கண்ணால் கண்டவர்கள் பலர், காதால் கேட்டவர்கள் குறைவு. ஓர்கனுக்குப் பின்னால், தூணோரமாக, கழுத்தில் பேஸ் கிற்றாரைத் தொங்கவிட்டபடி நிற்பார். அதன் தடித்த நாலு தந்திகளையும் பெருவிரலால் மெல்லத் தடவுவார். மூன்றாவது வரிசை வாங்குக்கு அப்பால் அந்தச் சத்தம் போனதாகச் சரித்திரம் இல்லை. "அண்ணை வாசிக்கேல்லை, கிற்றாருக்குச் சொறிஞ்சு விடுறார்" என்று குழுவுக்குள் ஒரு பகிடி உண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பகலில் அவருக்குப் படகு எஞ்சின் திருத்துகிற வேலை. அங்கே அவர் வேறு மனிதர். திருத்திய எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்ப் பரலுக்குள் இறக்கி, முழு வேகத்தில் முடுக்கிவிடுவார். அயலட்டைச் சனம் வாய் ஓயாமல் திட்டும், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "உதைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தா கடலுக்கை போய்த்தான் கழுத்தறுக்கும். இப்ப ஓட விட்டுப் பார்" என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரையே அதட்டுவார். அப்படிப்பட்ட ஆள் கோயிலுக்குள் மட்டும் பூனைபோல் வாசிக்கக் காரணம், அவருடைய காலடியில் இருந்த கறுப்புப் பெட்டி.

அந்தப் பெட்டி வந்த கதை இது. எமில்ராஜும் அடைக்கலநாதனும் ஒரே நாளில் பாடகர் குழுவில் சேர்ந்தவர்கள். எமிலுக்குக் கிற்றார், இவருக்கு பேஸ். எமில் தாயையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனான். போன இடத்தில் ஒரு வீதி விபத்தில் செத்துப்போனான். முதலாம் ஆண்டு நினைவுக்கு அவனுடைய தாய் லூர்த்தம்மா பாரிசிலிருந்து சத்தத்தைப் பெருக்குகிற ஒரு அம்பிளிபயர் பெட்டியைக் கப்பலில் அனுப்பினார். முகப்பில் ஒரு பித்தளைத் தகடு: 'எமில்ராஜ் நினைவாக, அம்மா.' தொலைபேசியில் வேறு சொன்னார். "அடைக்கலம், உதிலை நீதான் வாசிக்க வேணும். வேறை ஒருத்தரும் தொடக் கூடாது."

பெட்டியைப் பிரித்த அன்றே அடைக்கலநாதனுக்குத் திக்கென்றது. அது சாதாரணக் கிற்றாருக்கான பெட்டி. பேஸுக்கு வேறு பெட்டி உண்டு. கிற்றார்ப் பெட்டியின் ஸ்பீக்கரில் இருக்கும் கடதாசிக் கூம்பு மெல்லியது. பேஸின் கீழ்ச் சுரங்களைச் சத்தமாகக் கொடுத்தால் அது முன்னும் பின்னும் அடித்து ஒருநாள் கிழிந்துவிடும். மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது.

சொல்லிவிட்டிருக்கலாம்தான். ஆனால் குருநகரில் காலைப் பூசை முடிந்து ஒரு சொல்லைச் சொன்னால், பத்து மணித் தேத்தண்ணிக்கு முன் அது பாரிசில் நிற்கும். பிள்ளையைப் பறிகொடுத்த மனிசி. அந்தப் பிள்ளையின் பெயரில் வாங்கிய சாமானும் பிழை என்று எந்த வாயால் சொல்வது? எமிலின் பெயர் பொறித்த தகட்டுக்குப் பின்னால் அந்தக் கடதாசி கிழிவதைக் கேட்கிற தைரியமும் அவருக்கு இல்லை. சத்தக் குமிழை மூன்றில் நிறுத்தி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை அதன்மேல் ஒட்டினார். பேஸ் குமிழையும் பாதியாகக் குறைத்தார். சுவராவது கொஞ்சம் முழக்கம் தரட்டும் என்று பெட்டியைத் தூணடிச் சுவர் மூலைக்குத் தள்ளினார். பத்து வருடம் அப்படியே ஓடியது.

இடையில் குழுவின் பொறுப்பை எடுத்த ஜெனிஸ்ரன், ஓர்கன்காரன், ஒருநாள் தலையைச் சொறிந்தபடி வந்தான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பேஸை நான் இடக்கையாலை ஓர்கனிலேயே போட்டிடுவன். நீங்கள் ஏன் நிண்டு கால் உளைய வேணும்?"

"ஓம் தம்பி, நீர் போடும். நான் சும்மா நிக்கிறன்" என்றார் அடைக்கலநாதன். அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் மூன்றில் வைத்து வாசிப்பதை அவர் விடவில்லை.

இந்த வருடத் திருநாளுக்கு லூர்த்தம்மா வந்து இறங்கினார். முதல்நாள் பின்னேர ஆராதனைக்கு நடு வாங்கில் இருந்தார். முடிந்ததும் நேரே தூணடிக்கு வந்து, பித்தளைத் தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"நீ வாசிச்சனியோ தம்பி?"

"ஓம் அன்ரி."

"எனக்கொண்டும் கேக்கேல்லை." தகட்டை இன்னொருதரம் துடைத்தார். "உனக்கு இது பிடிக்காட்டிச் சொல்லு. நான் கோவிக்க மாட்டன்."

பதிலுக்கு நிற்காமல் அவர் போய்விட்டார். அடைக்கலநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னாலும் அந்த மனிசிக்கு நோகும், சொல்லாமல் மூன்றிலேயே வாசித்தாலும் நோகும், கூட்டி வைத்தால் பெட்டி போகும்.

மறுநாள் திருநாள் பூசை. எல்லோருக்கும் முன்னதாக வந்து பிளாஸ்ரரை உரித்தார். பழைய பசை கறுத்துப்போய்க் குமிழில் ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டிவிட்டு, குமிழை ஏழுக்குத் திருப்பினார்.

வருகைப் பாடலின் முதல் சுரத்திலேயே முன்வாங்குக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். நிலம் அதிர்ந்தது. யன்னல் கண்ணாடிகள் சலசலத்தன. ஜெனிஸ்ரன் இடக்கையை ஓர்கனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அடைக்கலநாதன் தலையை நிமிர்த்தவேயில்லை. பரலுக்குள் எஞ்சினை முடுக்குகிற ஆள் அன்றுதான் கோயிலுக்குள் வந்திருந்தார். எமில் கிற்றாரில் மேல்சுரங்களுக்கு ஏறுகிற இடங்களில் இவர் கீழே ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது பழைய வழக்கம். அன்றும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எமில் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

நற்கருணை வாங்கும்போது பாடுகிற நன்மைப் பாடலின் கடைசிச் சரணத்தில் பெட்டி 'பர்ர்' என்றது. பிறகு பால்மாத் தகர ரின்னுக்குள் வண்டு அடைபட்டதுபோல ஒரே இரைச்சல். அவர் பாட்டை முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

பூசை கலைந்ததும் லூர்த்தம்மா வந்தார்.

"அன்ரி, கிழிச்சுப்போட்டன்" என்றார் அடைக்கலநாதன். "முந்தியே சொல்லியிருக்க வேணும். இது பேஸுக்குரிய பெட்டியில்லை."

"அது எனக்குத் தெரியும்."

அடைக்கலநாதன் கிற்றாரைக் கழற்றித் தூணில் சாத்தினார்.

"கடைக்காரன் அப்பவே சொன்னவன், உந்தத் தடிச்ச கிற்றாருக்கு வேறை பெட்டியெண்டு. என்ரை பிள்ளை வாசிச்சது மற்றதெல்லோ? அவன்ரை பேரிலை அவன்ரை பெட்டிதான் போக வேணுமெண்டு நான் பிடிவாதமாய் வாங்கினன். சத்தம் கூடினாக் கடதாசி கிழியும், கிழிஞ்சா மாத்தலாமெண்டும் சொன்னவன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அன்ரி?"

"எஞ்சினைக் கழட்டிப் பூட்டுற உனக்கு உதைச் சொல்லித் தர வேணுமே?" லூர்த்தம்மாவின் குரல் இறங்கியது. "திருநாளுக்குத் திருநாள் வீடியோ அனுப்புவினம். காதிலை வைச்சு வைச்சுக் கேப்பன். ஒருக்காலும் உன்ரை சத்தம் இல்லை. நீ பெட்டிக்குப் பயந்து வாசிக்கிறாயெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? இவன் என்ரை பிள்ளையை மறந்துபோனானெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

அடைக்கலநாதனுக்குக் கண்ணீர் வந்தது. அதை மறைக்கக் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினார்.

"ஏன் சுத்துறாய்? பின்னேரம் ஆசீர்வாத ஆராதனை இருக்கெல்லோ?"

"கிழிஞ்சு கிடக்கு அன்ரி. நாளைக்குத்தான் கடதாசி மாத்தலாம்."

"அதுக்கென்ன? கிழிஞ்சதிலேயே வாசி."

அவர் சுற்றிய வயரைத் திரும்ப அவிழ்த்தார். பின்னேரம் குமிழ் ஏழிலேயே நின்றது. பெட்டி கரகரவென்று கோயில் முழுக்க இரைந்தது. இது என்ன கூத்து என்று பலர் முகம் சுளித்தார்கள். லூர்த்தம்மா கதவோரமாய்க் கடைசி வாங்கில் போய் இருந்து, பாட்டு முடியும் வரை கேட்டார்.