அக்கா சீட்டில் உட்கார்ந்தவர்

போன மழைக்காலம் தொடங்கக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு அலாய் வீல் கடை வாசலில் நடந்தது இது.

அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். முதலில் உண்டானது தங்காமல் போய், வெகு நாள் கழித்து நின்ற கரு. அடுத்த வாரம், ஒன்பது பிறந்ததும், திருவள்ளூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். "குலுங்காமல் கூட்டிப் போங்க" என்று டாக்டர் ஒரு தடவை சொன்னதை அம்மா நூறு தடவை சொல்லிவிட்டாள். கார் என்னுடையது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய குட்டி வண்டி. நான்கு டயரும் எங்கள் தாய்மாமன் தலை மாதிரி மொட்டை.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கெத்தாக மாற்றுவோமே என்று கிளம்பிவிட்டேன். வண்டியோடு வந்தது பதினாலு இஞ்ச் வீல். எனக்குப் பதினேழு வேண்டும், அதுவும் அகலமாக, பாடியைத் தாண்டி லேசாக எட்டிப் பார்க்கிற மாதிரி. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். ஆனாலும் பதினாலைவிடப் பதினேழு பெரிது என்று தெரியும். அந்தக் கணக்கு போதாதா?

கடைக்காரருக்கு என்னைவிட வாய் ஜாஸ்தி. வண்டியைச் சுற்றி வந்து, "இன்னா மச்சான், குருவி தலையில பனங்காவா?" என்றார்.

"குருவி தாங்கும், நீ மாட்டுணா."

"ரிம்மு பெருசானா ரப்பரு ஒயரம் கொறையணும். அப்போ தான் மொத்த சக்கரம் பழைய அளவுல நிக்கும். நீ ரெண்டையும் பெருசா கேக்குற."

"உரசுமா?"

"எனக்கு இன்னா தெரியும்? காலி வண்டில எல்லா வீலும் அழகா தான் கீது. ஆள ஏத்தினா தான் தெரியும்."

அந்தக் கடையில் அதுதான் வழக்கம். சோதனைக்கென்றே பழைய டயர் போட்ட வீல்களை வைத்திருக்கிறார்கள். அதை மாட்டி, வண்டி நிறைய ஆளை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, வேகத்தடையில் ஏற்றி இறக்கிய பிறகுதான் சைஸ் பற்றிப் பேச்சு. பதினேழை மாட்டினார்கள். என் வண்டியா இது! மாப்பிள்ளை மாதிரி நின்றது. டயருக்கும் மேலே வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போனது.

"ஆளுங்க எங்க?" என்றார் கடைக்காரர். நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

பக்கத்தில் ஒரு குடும்பம் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தது. பட்டு ஜிப்பா போட்ட, கனத்த உடம்புக்கார பாய் ஒருவர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, தம்பி. காட்டுப்பாக்கத்தில் ஒரு நிக்காவுக்குப் போகிறவர்கள். பாய் எழுந்து வந்தார்.

"உன் வண்டில யார் யாரு வருவாங்கோ?"

சொன்னேன். முன்னால் அப்பா. பின்னால் அம்மா, அத்தை, இடதுபக்கம் ஜன்னலோரம் மாசமாக இருக்கிற அக்கா.

"அக்கா சீட்டு எனுக்கு" என்று தொப்பையைத் தட்டினார். "எனுக்கும் எட்டு மாசம் தான்."

"எட்டா? நிக்கா ஆனதுலேர்ந்து கீது, இன்னும் பொறந்தபாடில்ல" என்றார் அவர் மனைவி.

மனைவி அம்மா ஆனார், தங்கை அத்தை ஆனார். என்னைவிடச் சின்னவனான தம்பி முன்சீட்டில் ஏறி, "டேய் மவனே, ஒழுங்கா ஓட்டு, அப்பன் சொல்றேன்" என்றான். நான் விடுவேனா? "அக்கா, பெல்ட்டு போட்டுக்கோக்கா" என்றேன். ஒரே சிரிப்பு.

சர்வீஸ் ரோட்டில் முதல் வேகத்தடை. பின்னால் இடதுபக்கம் கர்ர்ரென்று ஒரு சத்தம். சிரிப்பு நின்றது. அடுத்ததிலும் அதே சத்தம், கூடவே ரப்பர் கருகின வாடை.

"நிறுத்து நைனா" என்றார் பாய், மெதுவாக. "என் முதுகுக்குப் பின்னால தான் கேக்குது."

அவரை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் இறங்கிப் பார்த்தேன். இரண்டு விரல் போன இடத்தில் இப்போது நகம் போகவில்லை. டயரின் தோளில், பிளேடு வைத்து இழுத்த மாதிரி நீளமாக ஒரு கோடு. சீவின பென்சில் தூள் மாதிரி ரப்பர் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. அதே வண்டி, அதே சக்கரம். மனிதர்கள் ஏறியது மட்டும்தான் வித்தியாசம். எங்கள் குடும்பம் இவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பாயின் மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "யா அல்லா, அந்தப் பொண்ணு இதுக்கு மேல தானே உக்காருவா?"

கடைக்குத் திரும்பியபோது அவர்கள் வண்டி தயாராக நின்றது. போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் என் வண்டிக்குப் பதினைந்தை மாட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்திலிருந்து போன் வந்தது. பாய் எடுத்தார்.

"தோ வந்துடறோம்பா. நம்ம ஊட்டுப் பொண்ணு ஒண்ணு மாசமா கீது, அதுக்கு வண்டி பாத்துகினு கீறோம்."

சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே, அதே ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தார். மற்றவர்களும் அவரவர் இடத்தில் ஏறினார்கள்.

இந்த முறை யாரும் கிண்டல் பண்ணவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு போனோம். வேகத்தடை வந்தது. ஒன்றுமில்லை. முழுசாக ஒடித்துத் திருப்பினேன். ஒன்றுமில்லை. இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தம் வராமல் இருப்பதைக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது போதும். எடுத்துக்கோ" என்று இறங்கி, கசங்கின ஜிப்பாவை நீவிவிட்டபடி பாய் தன் வண்டிக்கு ஓடினார். நன்றி சொல்ல நான் இறங்குவதற்குள் அவர்கள் வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் திருவள்ளூரிலிருந்து வீடு வரும்வரை அக்கா அம்மா தோளில் சாய்ந்து தூங்கினாள். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக, கல்யாணத்துக்குப் போகிற வழியில், அவள் இடத்தில் இரண்டு தரம் உட்கார்ந்து பார்த்த மனிதரை நினைத்தால், ஊரையே கலாய்க்கிற எனக்கு இன்றைக்கும் கிண்டல் வராது.