சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

எதை வாங்கினாலும் சகாயசெல்வி ஒரு முறை புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். தோசைக்கல்லானாலும் சரி, செருப்பானாலும் சரி. சந்தையில் பூசணிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பாள். "இவளைப் பொண்ணு பாக்க வாரவனையும் ஒரு புரட்டுப் புரட்டிப் பாத்துட்டுத்தான் சம்மதம் சொல்லுவா போல" என்று அவளுடைய அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்ததுண்டு. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அது கூடவே பிறந்ததல்ல. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது அவள் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பொன்னழகு நடத்திய கலர் லேபில் வேலை பார்த்தாள். வேடசந்தூரிலிருந்து தினமும் பஸ். அப்பாவும் அம்மாவும் மில் வேலைக்காரர்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம். லேபில் சேர்ந்ததும் அவளுக்குக் கொடுத்த வேலை, கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோக்களை வெட்டி உறையில் போடுவது. படித்தது இதற்குத்தானா என்று கேட்டுக்கொள்வாள். இதற்கு மேல் தனக்கு என்ன தெரியும் என்றும் உடனே கேட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் யாரோ கொண்டுவந்த சிடியில் இருந்த வைரஸ், லேபின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஒரு நிச்சயதார்த்தப் படங்கள் முழுவதையும் தின்றுவிட்டது. பொன்னழகு அந்த வீட்டு வாசலில் போய்க் கைகூப்பி நின்றுவிட்டு வந்தார். மறுநாள் செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணே, படத்தையெல்லாம் லினக்ஸ் போட்ட ஒரு மிஷின்ல வச்சா இந்த வைரஸ் ஒண்ணும் பண்ணாதுண்ணே."

லினக்ஸ் என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுவதுதான் அது, காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று அவள் விளக்கினாள். காசு வேண்டாம் என்றதும் பாதி விளங்கியது. ஒரு பத்திரிகையோடு வந்த சிடியை வைத்து அவள் அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் நிறுவினாள். சர்வர் என்று அவள் சொன்ன அந்த மிஷினில் படங்கள் எல்லாம் சேர்ந்தன. ஆல்பம் வடிவமைக்கும் கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டன. அவள் கவுண்டரிலிருந்து உள் அறைக்கு வந்தாள். வீட்டில் யாரும் கேட்காமலே அதைச் சொன்னாள்.

வைரஸ் போனது, வேகம் போதவில்லை. ஆல்பம் போடும் மகேஸ்வரி ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்து வந்தாலும் அது பாதிதான் திறந்திருக்கும். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. "இதுக்கு என்னம்மா வழி?" என்றார் பொன்னழகு. கேபிள் வந்து சேரும் நெட்வொர்க் கார்டுகளை மாற்றி ஜிகாபிட் கார்டுகள் போட்டால் பல மடங்கு வேகம் வரும் என்றாள் செல்வி. "அப்ப நீயே பாத்துச் சொல்லு. எந்தக் கார்டு நல்லது?"

அது அவ்வளவு லேசான கேள்வி இல்லை. விண்டோஸ் என்றால் கார்டோடு ஒரு சிடி வரும், போட்டால் ஓடும். லினக்ஸுக்கு அப்படி இல்லை. அந்தக் கார்டை ஓட்டும் நிரலை எங்கோ யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தாலோ அரைகுறையாக எழுதியிருந்தாலோ பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் வேகத்தைப் போட்டிருந்தாலும் பயனில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லினக்ஸ்காரர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியவில்லை. எந்த சிப் உள்ள கார்டு லினக்ஸில் ஒழுங்காக ஓடும் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் எச்சரித்திருந்தார்: பெட்டியை நம்பாதே. அதே பெயர், அதே பெட்டிக்குள் வேறு சிப் வைத்தும் விற்கிறார்கள். அது லினக்ஸில் ஒரே நேரத்தில் நிறைய ஏற்றிப் பாரம் கூடினால் நின்றுவிடும். கார்டின் நடுவில் இருக்கும் கறுப்புச் சதுரம்தான் சிப்; அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டு மாட்டு.

ரஹ்மத்துல்லாவின் உதிரிபாகக் கடையில் சொல்லி வைத்தாள். "அதே மாடல் மெட்ராஸ்ல இருக்காம். பஸ் பார்சல்ல வருதும்மா. நம்பர் சரியில்லைன்னா கொண்டா, மாத்தித் தாரேன்" என்றார் அவர்.

பார்சல் வந்தது வெள்ளிக்கிழமை காலை. வேடசந்தூர் பஸ் அன்று பார்த்துத் தாமதம். செல்வி ஓடி வந்து சேர்ந்தபோது பொன்னழகு பெட்டிகளையெல்லாம் பிரித்துக் கார்டுகளை ஒரு தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. அந்த லேபுக்குள் வரும் எந்தப் புதுப் பொருளும் பொட்டு இல்லாமல் வேலை தொடங்கியதில்லை.

"வா தாயி. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள மாட்டிரு."

ஒவ்வொரு கார்டிலும் பொட்டு வைக்க வாகாக இருந்த ஒரே இடம் நடுவிலிருந்த கறுப்புச் சதுரம்தான். அங்கே கட்டை விரலால் அழுத்திச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். எண் தெரியவில்லை.

துடைத்துப் பார்த்தால் போதும். துடைக்கக் கை நீளவில்லை. மகேஸ்வரி தன் இடத்தில் இருந்தால் அவள் துடைக்கலாம். இன்னொரு பொட்டை ஓரமாக வைத்துக்கொள்ளலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கழுத்தில் சிலுவை போட்டிருக்கும் தான், முதலாளி கண்ணெதிரே, சூடம் அணைவதற்கு முன் சாமிப் பொட்டைத் துடைத்தால்? அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சொல்லாமலே மனதில் வைத்துக்கொண்டால்?

"என்னம்மா யோசனை? நல்ல நேரம் போகுதுல்ல."

சர்வரிலும் மற்ற மிஷின்களிலும் மாட்டினாள். சர்வர் எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டளை ஒன்றைத் தட்டி, உள்ளே இருப்பது எந்த சிப் என்று கேட்டாள். திரையில் வந்த பெயர் வேறு. நிற்கும் என்று எச்சரிக்கப்பட்ட அதே சிப்.

பின்னால் மகேஸ்வரி கைதட்டினாள். "அடியாத்தீ! தொட்டதும் தொறக்குது செல்வி!" பொன்னழகு எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். இப்போது சொல்லிவிடலாம் என்று செல்வி வாயைத் திறந்தாள். வடையை அவள் கையில் வைத்தார்கள். ஒருவேளை நிற்காமலே ஓடிவிட்டால்? அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

மறு வாரம் வத்தலக்குண்டு அப்துல் லத்தீப்பின் மகள் ஹாஃபிஸாவின் நிக்காஹ் படங்களை ஏற்றியபோது அது நின்றது. பாதி ஏறியதும் எல்லாத் திரைகளும் அப்படியே உறைந்தன. சர்வரை அணைத்துப் போட்டால் ஓடும். பாரம் கூடினால் மறுபடி நிற்கும்.

"உன் லினக்ஸு மயக்கம் போட்டுருச்சு. வந்து தண்ணி தெளி" என்று மகேஸ்வரி முதலில் கேலி செய்தாள். போட்ட பக்கங்கள் சேமிக்கும் முன்பே போகத் தொடங்கியதும் கேலி நின்றது. லத்தீப் அன்றாடம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்கு வர்ற புதன்கிழமை சவுதிக்கு பிளைட்டு. ஆல்பத்தைக் கையில குடுத்து அனுப்பணும், அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் கேக்கலை."

செல்வி பழைய கார்டை மாட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை, ஆனால் அந்த வேகத்தில் புதன்கிழமைக்குள் ஆல்பம் முடியாது. புதுக் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரஹ்மத்துல்லாவிடம் ஓடினாள்.

அவர் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, சந்தனமும் குங்குமமும் பூசிச் சிங்காரிச்சுக் கொண்டாந்திருக்கே. இதை நான் மெட்ராஸுக்கு எப்படித் திருப்பி அனுப்புறது?"

"துடைச்சிரலாம் பாய்."

"மேல துடைச்சிரலாம். சிப்போட கால் இடுக்குல காஞ்சு போச்சே, பாரு. யூஸ் பண்ணுன சாமான்னு தூக்கி எறிஞ்சிருவான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்பரைப் பாத்துட்டுத்தான் மாட்டுவேன்னு நீதானம்மா எங்கிட்டச் சொன்னே?" என்றார்.

அவள் திரும்பி வந்தபோது பொன்னழகு கோபப்படவில்லை. நிதானமாகவே கேட்டார். "மகேஸ்வரி டேபிள்ல விண்டோஸ்ல அதே கார்டு ஓடுதுல்ல? அப்பக் கோளாறு கார்டுலயா, உன் லினக்ஸுலயா?"

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் பொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், தெரிந்தே வடை தின்றதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன் செல்வி. அதுக்கப்புறம் அதை அழிச்சிட்டு விண்டோஸே போட்டுருவோம். நீ கவுண்டரைப் பாத்துக்க."

பஸ்ஸில் வரும்போது அவள் யோசித்தது கவுண்டரைப் பற்றி மட்டுமல்ல. உள் அறைக்கு வந்ததே தெரியாத்தனமாகத்தானோ? உண்மையாகவே தெரிந்த ஒருத்தி அந்தப் பொட்டைத் துடைத்திருப்பாள், அல்லது அப்போதே சொல்லியிருப்பாள். சனிக்கிழமை மதியம் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதே மனிதருக்கு எழுதினாள். எந்த சிப், எப்போது நிற்கிறது, நிற்கும்போது திரையில் என்ன வருகிறது எல்லாம் எழுதினாள். பார்சல் வந்த அன்று நடந்ததை எழுதவில்லை.

சாயங்காலமே பதில் வந்திருந்தது. கூடவே நிரலில் செய்ய வேண்டிய ஒரு திருத்தம், சில வரிகள்தான். 'என்னிடம் இந்தக் கார்டு இல்லை, ஊகித்துத்தான் எழுதியிருக்கிறேன். பாரம் ஏற்றிப் பார்த்துவிட்டு நின்றதா ஓடியதா என்று எழுது. கார்டு வைத்திருக்கும் ஒருவர் சொல்லாமல் இதை லினக்ஸில் சேர்க்கச் சொல்லி அனுப்ப மாட்டேன். இன்னொன்று: எண்ணைப் பார்த்து வாங்கச் சொன்னேனே, பிறகு எப்படி இது உன் கைக்கு வந்தது? எண்ணையே மாற்றி அச்சிடுகிறார்களா? அது தெரிந்தால் மற்றவர்களையும் எச்சரிக்கலாம்.'

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசைக்குப் போகாமல், பொன்னழகிடம் சாவி வாங்கி லேபைத் திறந்தாள். திருத்தத்தைச் சேர்த்து, கெர்னல் எனப்படும் லினக்ஸின் கருவை மறுபடி உருவாக்க வேண்டும். அந்தப் பழைய மிஷின் முனகி முனகி வரிகளை ஓடவிட்டது. வரி நின்றபோதெல்லாம் அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். கொண்டுபோன புளியோதரையைத் திறக்கவே இல்லை. முடிந்ததும் புதுக் கார்டை மாட்டினாள், இந்த முறை சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு. ஹாஃபிஸாவின் நிக்காஹ் முழுவதையும் ஏற்றினாள். நிற்கவில்லை. இன்னும் இரண்டு கல்யாணங்களைச் சேர்த்து ஏற்றினாள். நிற்கவில்லை. அப்போதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எந்த நிமிடமும் நின்றுவிடும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை லத்தீப் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போனார். "பரவால்ல, உன் லினக்ஸு பொழச்சுக்கிச்சு" என்றார் பொன்னழகு. என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த வாரமே பதில் எழுத உட்கார்ந்தாள். ஓடுகிறது, நன்றி என்று எழுத ஒரு வரி போதும். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தாரே. எண்ணை யாரும் மாற்றி அச்சிடவில்லை, நான்தான் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் மேலே சந்தனம் இருந்தது. சந்தனத்தைத் துடைக்கத் தயங்கினேன், ஏனென்றால்... அந்த 'ஏனென்றால்' என்பதற்குப் பிறகு ஆங்கிலம் ஓடவில்லை. தமிழில் யோசித்தாலும் ஓடவில்லை. அகராதியில் சந்தனத்துக்கு வார்த்தை கிடைத்தது, தயக்கத்துக்கும் கிடைத்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் படித்தபோது தன்னை எவ்வளவு பெரிய முட்டாள் என்று நினைப்பார் என்று தோன்றியது. அழித்தாள். கேள்வியை விட்டுவிட்டு நன்றி மட்டும் எழுதினால் அது ஏமாற்று. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். தாமதமானதும், தாமதத்துக்கும் சேர்த்துக் காரணம் எழுத வேண்டியதாயிற்று.

அதன் பிறகு லேபில் லினக்ஸின் புதுப் பதிப்புகள் சில முறை ஏறின. ஒவ்வொரு முறையும் அந்தச் சில வரிகள் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பாள். இருக்காது. கையால் சேர்த்துக்கொள்வாள். அதே கார்டை வாங்கிவிட்டு வேறு ஊர்களில் வேறு யாரோ, தன் படிப்பின் மேலேயே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஓடுகிறது என்று அவள் சொன்னால்தான் அது அவர்களுக்குப் போகும். அவள் இன்னும் சொல்லவில்லை.