திங்கட்கிழமை லாரியில் ஓர் இடம்

எங்கள் விரிகுடாவில் மூடுபனி இறங்கிவிட்டால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட காலைகளில் தோர்மோட் மெக்காஸ்கிலின் படகு கண்ணுக்குத் தெரியாது. முதலில் எந்திரச் சத்தம் வரும். அதை நிறுத்தியதும் அவர் முணுமுணுக்கும் வேதாகமச் சங்கீதம் வரும். கடைசியில்தான் படகு வரும், மேகத்திலிருந்து யாரோ கயிறு கட்டி இறக்கிவிட்டதுபோல.

கிளாஸ்கோவுக்கு வடமேற்கே கடலில் கிடக்கும் எங்கள் ஹாரிஸ் தீவின் கிழக்குக் கரையில் மண்ணைவிடப் பாறை அதிகம். அதனால் எல்லோருக்கும் கடல்தான் வயல். தோர்மோட்டுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நெட்டையான ஆள், மெதுவான நடை, எதைப் படித்தாலும் விரல் வைத்துப் படிப்பார். சேற்றில் வளை தோண்டி வாழுமே, நீண்ட கொடுக்குள்ள ஆரஞ்சு நிற இறால், அதைத்தான் கூடு போட்டுப் பிடித்தார். அதை உயிரோடு ஸ்பெயினுக்கு அனுப்ப வேண்டும். இரண்டை ஒன்றாக விட்டால் சண்டை போட்டுக் கொடுக்கை முறித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில் வால் கீழே, தலை மேலே என்று நிற்க வைத்து அடைப்போம். அந்த வேலை அவர் மனைவி எஃபிக்கும் பெஹாக் என்கிற எனக்கும். முன்பு எங்களோடு லிதுவேனியப் பெண்கள் இருவர் இருந்தார்கள். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிறகு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

பிரிய வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்களில் தோர்மோட்டும் ஒருவர். நானும்தான் போட்டேன், மறைப்பானேன். கடல் நமக்கே சொந்தமாகும் என்றார்கள். கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் பிடித்ததை அக்கரைக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

தோர்மோட் கிளாஸ்கோவைத் தாண்டிப் போனவர் அல்ல. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்தால் அவர் மனம் இறால் ஏற்றிப் போகும் லாரியோடு போய்க்கொண்டிருக்கும். "இப்ப இங்கிலாந்துக்குள்ள போயிருக்கும்" என்பார். மறுநாள் சாயங்காலம், "இப்ப திராட்சைத் தோட்டம்" என்பார். ஸ்பெயினில் வீகோ ஊரில் அவருடைய இறாலை வாங்கும் செல்சோ என்ற வியாபாரி அனுப்பிய நாட்காட்டியில் பார்த்த தோட்டம் அது. ஒருநாள் கூடுகளுக்கு இரை வைத்துக்கொண்டே தான் கண்ட கனவைச் சொன்னார். அவரே ஒரு குழாய்க்குள் நிற்கிறாராம். தலைக்கு மேல் ஈரச்சாக்கு. குளிர்ச்சியான இருட்டு. காலுக்குக் கீழே சாலை ஒரு தாலாட்டுப் போல ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு மூடி திறக்கிறது. வெளிச்சம் வருகிறது. ஒரு கை அவரை மெல்லத் தூக்குகிறது.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை, பெஹாக். யாரோட கைன்னு தெரிஞ்ச மாதிரி இருந்தது."

எஃபி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "கனவுலயாவது குழாய்க்குள்ள அடங்கி நின்னியே, என் தங்கமே! வீட்டுல எங்க அடங்குறே?"

பிரிந்த பிறகு என்ன ஆயிற்று என்றால், ஒரு தாள் இருந்த இடத்தில் ஒரு கட்டுத் தாள் வந்தது. பெருநிலத்தில் இருக்கும் கிடங்கில் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை போட வேண்டும். பதினோரு படகுக்காரர்களின் சரக்கு ஒரே லாரியில் போகும். ஒருவர் தாள் பிசகினால் பதினோரு பேரும் நிற்க வேண்டியதுதான். முதல் மாதத்தில் லாரி ஓட்டுநர் கட்டிக்கொண்டு போன பன்றியிறைச்சி சாண்ட்விச்சைக்கூட பிரான்சில் இறங்கியதும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இறைச்சிக்கும் தாள் வேண்டுமாம்.

லாரியை அனுப்பும் தரகர் கில்லிஸ். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே அடைத்துவிட்டால் திங்கள் காலையில் முத்திரை, மதியம் புறப்பாடு என்று அவர் கணக்கு. எங்கள் ஊரில் அது நடக்காது. ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாள்; அன்று இங்கே துணிகூடக் கொடியில் காயாது. சாப்பாடு சனிக்கிழமையே சமைத்தாகிவிடும். ஆகவே தோர்மோட் திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து அடைத்து, முதல் கப்பலில் வேனை ஏற்றி, ஸ்கை தீவைக் கடந்து, மூச்சு வாங்க மதியத்துக்குள் கிடங்குக்குப் போய்ச் சேருவார். ஓராண்டு அப்படியே ஓடியது.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கண் மருத்துவரைப் பார்க்க நானும் அந்த வேனில் போனேன். கிடங்கில் முத்திரை விழுந்த தாள்களைத் தோர்மோட்டின் கையில் கொடுத்து, முற்றத்தின் கோடியில் நின்ற லாரி ஓட்டுநரிடம் சேர்க்கச் சொன்னார்கள். அவர் நடந்துகொண்டே விரல் வைத்துப் படித்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"பெஹாக், இங்க பாரு. நான் ஞாயித்துக்கிழமை அடைச்சேன்னு போட்டிருக்கு."

"எல்லாருக்கும் ஒரே தேதியா அடிச்சிருப்பாங்க."

"பக்கத்துல என் பேரு இருக்கே."

"யாரு படிக்கப் போறா?"

அவர் என்னைப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று எனக்கே பட்டது.

"உன்கிட்ட பேனா இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். தாளை வேனின் முன்பக்கத்தில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைத் தேதியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். மேலே திங்கட்கிழமைத் தேதியை எழுதினார். அருகில் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் எழுதி, மை காய ஊதி, ஓட்டுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு பேருக்கும் மனம் லேசாகிவிட்டது. திரும்பும் வழியில் ஸ்கையின் மலைகள் மூடுபனியில் மிதந்தன. கப்பல் நகர்கிறதா, தீவுதான் எங்களை நோக்கி வருகிறதா என்று புரியாத அமைதி. தோர்மோட் சங்கீதம் முணுமுணுத்தார். நான் தூங்கிவிட்டேன்.

புதன்கிழமை எஃபியின் சமையலறையில் இருந்தபோது தொலைபேசி வந்தது. கில்லிஸ் பேசியது சுவர் வரைக்கும் கேட்டது.

"தோர்மோட், அந்தத் தாள்ல கை வச்சது யாருய்யா?"

"நான்தான். தப்பா இருந்தது, திருத்தினேன்."

"திருத்தினியா? அது என்ன உன் பள்ளிக்கூட நோட்டா? முத்திரை விழுந்த தாள்ல ஒரு புள்ளி வச்சாலும் அது செத்த தாள்!"

"அது பொய்த் தேதி, கில்லிஸ்."

"பொய்யோ மெய்யோ, லாரி அக்கரைத் துறைமுகத்துல ஒரு ராத்திரி ஒரு பகல் நின்னுது. புதுத் தாள் போறதுக்குள்ள பாதி சரக்கு செத்துப்போச்சு. உன்னோடது மட்டும் இல்ல, பதினோரு பேரோடது."

தோர்மோட் பென்சிலை எடுத்துப் படகுக்காரர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார்.

"நல்லா கேட்டுக்க" என்றார் கில்லிஸ். "இனிமே ஞாயித்துக்கிழமையே அடைச்சு, வடக்கே ஸ்டோர்னோவே துறைக்கு ஓட்டிட்டுப் போ. அங்கதான் ஞாயித்துக்கிழமையும் கப்பல் இருக்கே. முடியாதுன்னா திங்கட்கிழமை லாரியில உனக்கு இடமில்ல. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிடு. அந்த இடத்துக்கு வேற ஆளு கேட்டுட்டு இருக்காங்க."

வாரம் முழுக்க ஓடிய படகுக்கு அந்த லாரிதான் மூச்சு. வியாழக்கிழமை இன்னொரு சிறிய லாரி உண்டு. அதில் பாதிதான் கொள்ளும். பாதிப் பிடிப்பை வைத்துக்கொண்டு படகை ஓட்டுவது கடினம் என்று எஃபிக்குத் தெரியும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காத நாள் அது ஒன்றுதான்.

அன்றும் மறுநாளும் தோர்மோட் மற்றப் படகுக்காரர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். "நான்தான் செய்தேன்" என்று மட்டும் சொன்னார். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். ஸ்கையைச் சேர்ந்த ஃபார்க்கர் பாதியிலேயே தொலைபேசியை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூடுபனி அவ்வளவு அடர்த்தி, படகுத்துறையின் நுனிகூடத் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. தோர்மோட்டின் படகு கரையில்தான் இருந்தது. வந்தவர் ஃபார்க்கர். கடலைக் கடந்தே வந்திருந்தார். கயிற்றைக்கூடக் கட்டவில்லை, கையில் பிடித்தபடி நின்றார்.

"நானும் கோயிலுக்குப் போறவன்தான், தோர்மோட்" என்றார். "ஆராதனை முடிஞ்சு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு அடைக்கிறேன். கர்த்தருக்கும் தெரியும், கில்லிஸுக்கும் தெரியும். எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு. நீ உன் ஞாயித்துக்கிழமையைக் காப்பாத்த, எங்க வாரத்தையே கொன்னுட்டே."

"ஆமா" என்றார் தோர்மோட்.

ஃபார்க்கர் சண்டைக்கென்று வந்தவர். கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார்.

தோர்மோட் துறைக்குக் கீழே தண்ணீரில் தொங்கிய பெட்டிகளைக் காட்டினார். இரண்டு நாள் பிடிப்பு அதில் உயிரோடு இருந்தது.

"இதை எல்லாம் எடுத்துட்டுப் போ. திங்கட்கிழமை லாரியில என் இடத்தையும் நீயே வச்சுக்க. கில்லிஸ்கிட்ட நான் சொல்லிடறேன்."

"யோசிச்சுத்தான் சொல்றியா? நான் இதை ஞாயித்துக்கிழமைதான்யா அடைப்பேன்."

அதைத் தோர்மோட் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். நெடுநேரம் தண்ணீரையே பார்த்தார். அலை துறையின் காலில் மெல்ல மோதிக்கொண்டிருந்தது. அவர் ஜெபிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஃபார்க்கருக்கும் தெரிந்திருக்க வேண்டும், கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"நீ எப்ப அடைக்கிறேங்கறது உனக்கும் கர்த்தருக்கும் நடுவுல" என்றார் தோர்மோட். "நான் உனக்குக் குடுக்கறது வெள்ளிக்கிழமை."

ஃபார்க்கர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "நீ வக்கீலா போயிருக்கணும்யா. பேனாவோட."

பெட்டிகளை மூவருமாகத் தூக்கி ஏற்றினோம். அவர் படகு மூடுபனிக்குள் போனபோது அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கடைசியாக மறைந்தது. அன்றிலிருந்து இந்தக் கடலின் இரண்டு கரையிலும் அவருக்குப் பேனா தோர்மோட் என்று பெயர். எங்கள் பக்கம் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் கல்லறைவரை கூட வரும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் கில்லிஸை அழைத்து, இடத்தை ஃபார்க்கருக்குக் கொடுத்தாயிற்று. எஃபி அருகில் நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பாதிக் கூட்டை வித்துடலாமா?"

"வித்துடலாம்."

"சரி, பாவப்பட்டவனே, சாப்பிட வா."

செல்சோவுக்கு வருத்தம்தான். வியாழக்கிழமை வருவது தன் கடைக்குப் போதாது என்று வேறு ஆளையும் பார்த்துக்கொண்டார். பேச்சு மட்டும் விடவில்லை. தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கூப்பிடுவார். தோர்மோட் படகை விற்கவில்லை. குளிர்காலத்தில் சாலை வேலைக்குப் போனார். பழுது பார்க்க வேண்டிய எந்திரம் பழுதோடே ஓடியது.

வியாழனுக்குப் பின் பிடிப்பதை என்ன செய்வது? சனிக்கிழமை காலையில் துறையிலேயே வைத்தார், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. வேடிக்கையைக் கேளுங்கள், எங்கள் ஊரில் பலருக்கு அந்த இறாலின் ருசியே தெரியாது. நல்லதெல்லாம் ஸ்பெயினுக்குப் போயிற்று, நாங்கள் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் ஆட்டிறைச்சியும் தின்றோம். போதகரின் மனைவி ஓட்டோடு கடித்துப் பல்லைப் பிடித்துக்கொண்டாள். "முதல்ல தலையைத் திருகு! அப்புறம் வாலை அமுக்கு! கழுத்து எங்க இருக்குன்னு எல்லாம் தேடாதே!" என்று எஃபி துறையில் நின்று கத்திக் கற்றுக்கொடுத்தாள். ஈஸ்டர் முடிவதற்குள் வரிசையே நிற்கத் தொடங்கியது. எல்லோர் கையிலும் ஒரு பாத்திரம்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு உப்புத் தண்ணீர் கொதிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஆறிப்போன இறாலை வெண்ணெய் தடவிய ரொட்டியோடு தின்கிறோம். பனியும் வெளிச்சமும் கலந்து பால்போல ஒரு பிற்பகல். ஓடு மட்டும் மீந்துவிடும். அதைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதும் வேலைதான், திங்கட்கிழமைவரை கொட்டக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் ரோஜா நிற ஓடு குவிந்த ஒரு வாளி. கடற்பறவைகள் கூட்டமாக இறங்கி வாளிக்குள் தலையை விட்டு இழுத்துப் போடுகின்றன. தோர்மோட் ஜன்னலோரம் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவரும் எழுந்து போய் விரட்டுவதில்லை. விரட்டுவதும் வேலைதானே.