சட்டையைப் பிடித்த கை

"உன்ரை கை இல்லாமல் பிள்ளையின்ரை படம் ஒண்டு அனுப்பன்" என்று கொழும்பில் வேலை செய்யும் கணவர் கேட்டிருந்தார். மகள் விழுந்துவிடுவாளோ என்று ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டே எடுப்பேன். எல்லாப் படத்திலும் என் கை இருக்கும். பாதி மங்கலாகவும் இருக்கும்.

சுன்னாகம் போகும் ரயிலிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பக்கத்தில், கலியாண வீடொன்றில் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் இளம்பெண் ஒருத்தி கமெராப் பையோடு இருந்தாள்.

"அக்கா, ரெண்டு கையாலையும் போனைப் பிடியுங்கோ. குந்தியிருந்து பிள்ளையின்ரை கண்ணுக்கு நேரை எடுங்கோ."

"ஐயோ, விழுந்திடுவாள்."

"நான் பிடிக்கிறன். மயங்கி விழப்போன மாப்பிள்ளையையே பிடிச்சனான்!"

அவள் மகளின் சட்டையைப் பிடித்திருக்கிறாளா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். குந்தினேன்.

"சிரி எண்டு சொல்லாதேங்கோ. பாத்துக்கொண்டிருங்கோ."

வெளியே ஒரு மாடு தெரிந்தது. மகள் "மா!" என்று கத்திச் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

சுன்னாகத்தில் இறங்கியதும் படத்தைக் கணவருக்கு அனுப்பினேன். பல்லெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உடனே பதில் வந்தது.

"நல்ல வடிவு! உது ஆரின்ரை கை?"

பார்த்தேன். ஓரத்தில், வளையல் போட்ட கையொன்று சட்டையைப் பிடித்திருந்தது. "என்ரை இல்லை" என்று பெருமையோடு எழுதினேன்.