மாஸ்டர் எனக்கு எழுதிய இரண்டு ஸ்வரங்கள்

மாஸ்டர் எங்களில் யாருக்கும் முழு இசைத்தாளைக் கொடுத்ததில்லை. அவரவர் வாசிக்க வேண்டியதை மட்டும் பென்சிலில் எழுதி, நீளவாக்கில் மடித்துக் கையில் தருவார். வயலினுக்கு வயலின் வரி, குழலுக்குக் குழல் வரி. பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கப்போகிறார் என்பது எல்லோரும் ஒன்றாக உட்காரும்போதுதான் தெரியும். பாடுகிறவர்களின் வரிகள் மேடையேறும் நாள்வரைக்கும் தெரியாது. அவர்களுக்குத் தனி அறை, தனி நேரம். "மொத்தமும் தெரிஞ்சா நடிக்க ஆரம்பிச்சிருவீக. உங்க வேலை வாசிக்கிறது," என்பார். அதைக் கலைஞனின் கண்டிப்பு என்று பல வருஷம் மெச்சியிருக்கிறேன். கடைசியாக எனக்குத் தந்த தாளில் பெரும்பாலும் இரண்டே ஸ்வரங்கள் இருந்தன. அவை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன வருஷம் அவர் இறந்தார். நினைவு மலர் போடுகிறோம், அன்பும் நன்றியும் கலந்து ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் இருந்தது. மற்ற இரண்டும்தான் இல்லை.

மாஸ்டர் சின்னமனூரில் பிறந்தவர். சென்னையிலும் பிறகு வெளிநாட்டிலும் இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் தேனிக்குத் திரும்பி வந்தார். ஓடாமல் கிடந்த ஒரு பஞ்சு அரவை ஆலையை வாடகைக்குப் பிடித்து இரண்டு குழுக்களை ஆரம்பித்தார். ஒன்று பண் குழு. தேவாரப் பண்களையும் அதற்கும் முந்தியவை என்று அவர் நம்பிய மெட்டுகளையும் அது பாடும். கோயில் சிற்பத்தைப் பார்த்துத் தச்சரை வைத்துச் செய்த ஒரு யாழ், இரண்டு குழல்கள், ஒரு முழவு, மைக் கிடையாது. இன்னொன்று புதுக் குழு. தவில், சாக்ஸபோன், மூன்று வயலின்கள், ஒரு லேப்டாப், அறையின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர். கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கத் திணறும் சத்தத்தைப் பதிவுசெய்து அதன்மேல் எங்களை வாசிக்கவைப்பார்.

இரண்டு குழுவும் சேர்வது மேடைப் படைப்புகளில் மட்டும். முதல் படைப்பு, அணையில் தண்ணீர் திறப்பதற்காகக் காத்திருக்கும் பள்ளத்தாக்கைப் பற்றியது. இரண்டாவது, ஒரே மதியத்தில் கொட்டிய ஆலங்கட்டி மழையில் திராட்சைப் பந்தல்கள் அழிந்ததைப் பற்றியது. தேனிக்காரர்களில் பாதிப் பேர் இடைவேளையில் எழுந்து போனார்கள். மீதிப் பேர் கடைசிவரை அசையாமல் இருந்தார்கள். அவர் திறமையில்லாதவராக இருந்திருந்தால் என் வெறுப்பு என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும்.

நான் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயலின், கம்பத்தில் எங்கள் சர்ச் பாடற்குழுவில் ஃபாதர் சொல்லிக்கொடுத்தது. சனி ஞாயிறுகளில் பஸ் பிடித்துத் தேனிக்குப் போய்விடுவேன். ஆறு வருஷம் அப்படிப் போனேன்.

எனக்கு நடப்பதற்கு முன்பே ஒருவருக்கு நடந்தது; அதையும் சொல்ல வேண்டும். புதுக் குழுவின் தவில்காரர் கடமலைக்குண்டுக்காரர். திக்குவாய். தவிலைத் தொட்டுவிட்டால் அவர் கை எங்கும் தடுக்காது, பேச்சுதான் தடுக்கும். மாஸ்டர் அவரிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டே, அவர் எந்த எழுத்தில் நிற்கிறார், எத்தனை முறை முட்டுகிறார் என்பதையெல்லாம் குறித்துவைத்து, அதையே ஒரு தாளக்கட்டாக எழுதிவிட்டார். பாடகர் ஒருவர் மேடையில் திக்கித் திக்கிச் சொல்ல, தவில்காரரே அதற்குத் தவில் வாசிக்க வேண்டும். வாசித்தார். சபை சிரித்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. "ரோஷக்காரன். கலைக்கு அது ஆகாது," என்றார் மாஸ்டர். நானும் ஆமாம் போட்டேன்.

என் அக்கா ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கப் போனவள். கம்பத்திலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏறி, மலைக்கணவாய் தாண்டிக் கேரளாவுக்குள் போய், பொழுதுசாய ஆறு மணி ஜீப்பில் திரும்புவாள். ஒருநாள் அவள் திரும்பும்போது, மதியம் மூன்று மணிக்கே கிளம்பும் முதல் ஜீப்பில் ஏறினாள். அந்த ஜீப்தான் வளைவில் கீழே போனது. ஏழு பெண்கள் செத்தார்கள். ஆறு மணி ஜீப் பத்திரமாக வந்து சேர்ந்தது.

"அவ என்னிக்கும் ரெண்டாவது வண்டியிலதான வருவா? அன்னிக்கு ஏன் முதல் வண்டியில ஏறுனா?" அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வருகிறவர்களிடம் கேட்டாள், ஃபாதரிடம் கேட்டாள், சமையல் செய்யும்போது தனக்குத்தானே கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் சர்ச் திருவிழாவில் நான் முதல் தடவையாகத் தனியாக வயலின் வாசிக்க இருந்தேன். மதியம் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுத்ததும், "அஞ்சு மணிக்கு நீ முன்னால உக்காந்திருக்கணும். இல்லாட்டி நான் வாசிக்க மாட்டேன்," என்றேன். சிரித்துக்கொண்டே, "வர்றேன்டி," என்றாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு மேடையில் தனியாக வாசித்ததும் இல்லை. ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் மாஸ்டர் கேட்டார்: "ஏம்மா, கூட்டத்துல நல்லா வாசிக்கிற. தனியா ஒரு வரி குடுத்தா கை நடுங்குதே, ஏன்?" ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். பதினோரு வருஷமாக வாயைத் திறக்காதவள் அவரிடம் சொன்னேன். போன் போட்டது, அவள் சிரித்தது, வீட்டில் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர், எல்லாம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமையாக ஒரு மனிதர் கேட்கிறாரே என்று அழுதேன். அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாவது படைப்பு ஏலத்தோட்டத்துப் பெண்களைப் பற்றியது, ஜீப் விபத்தும் அதில் வரும் என்று அறிவித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. செத்துப்போன ஏழு பேரின் வீட்டுக்கும் அவரே போய் அழைப்பிதழ் வைத்தார். எங்கள் வீட்டிலும் தரையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். "உங்களுக்கு முன்வரிசையில இடம் போட்டிருக்கேன்மா," என்றார்.

என் தாளில் நிஷாதமும் மேல் ஷட்ஜமமும் மாறி மாறி வந்தன. கொஞ்சம் நிறுத்தம், மறுபடியும் அதே இரண்டு. மூன்று மாத ஒத்திகை. "அழகா வாசிக்காத," என்று கத்துவார். "வாசிக்கவே வாசிக்காத. கூப்பிடு. இன்னும் அவசரமா கூப்பிடு." யாரை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் வில்லை அழுத்திப் பழகினேன். நடுக்கம் போனது. அதற்காக அவருக்கு நன்றியும் சொன்னேன்.

தேனியில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. அம்மா சர்ச்சுக்குக் கட்டும் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். பண் குழு ஏழு பேரின் பெயர்களையும் தேவார நடையில், அவசரமே இல்லாமல் பாடித் தொடங்கியது. மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. அக்காவின் முறை வந்தபோது அவர்கள் ஞானஸ்நானப் பெயரைப் பாடவில்லை. வீட்டுப் பெயரைப் பாடினார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்; ஒருமுறை வெளியே போனது போதும்.

பிறகு என் முறை. வாசிக்க ஆரம்பித்தேன். மேடை நடுவில் நின்ற பாடகி கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தது போன் மணி. அன்று அக்காவுக்கு நான் போட்ட போனை மூன்று மாதமாக நானே அடித்துப் பழகியிருக்கிறேன். பாடகி பாடினாள்: தங்கை கூப்பிடுகிறாள், தனியாக வாசிக்கப்போகிறாள், அஞ்சு மணிக்கு முன்னால் உட்கார வேண்டும், முதல் வண்டியில் ஏறுகிறேன். வேப்பமரத்தடியில் நான் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருந்தன, ஒன்றுகூட மாறவில்லை.

நிறுத்தியிருக்கலாம். வயலினைக் கீழே வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம். நான் வாசித்தேன். அவர் அப்படி எழுதியிருந்தார். நான் நிறுத்தினால் பாடகி தவித்துப்போவாள், யாழ் தனியாகத் தொங்கும். கை தன் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவருடைய எந்தப் படைப்பிலும் அவ்வளவு நல்ல பத்து நிமிஷங்கள் வந்ததில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அம்மாவின் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

முடிந்ததும் அம்மா நேராக மேடைக்குப் பின்னால் வந்தாள். மாஸ்டர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மா, உங்க மகள இனி இந்த ஊரு மறக்காது."

அம்மா கைகளை உருவிக்கொண்டாள். "ஊரு மறந்தா மறந்துட்டுப் போகுதுய்யா. இவ என்னிக்காவது எங்கிட்டச் சொல்லியிருப்பா. அங்கன அத்தனை பேருக்கு நடுவுல நீங்க எதுக்குச் சொன்னீக?"

"உங்க சின்ன மக சுமந்துக்கிட்டுத் திரிஞ்சா. அதை இறக்கிவச்சேன்மா."

"இறக்கி எங்க வச்சீக? என் தலையிலதான வச்சீக."

அவர் என் பக்கம் திரும்பி, சுற்றி நின்றவர்கள் கேட்கும்படி சொன்னார்: "இன்னிக்குத்தான்மா நீ வாசிச்ச." அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அது உண்மை என்பதற்காகவும் சேர்த்துத்தான்.

கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்தாள். வீரபாண்டி தாண்டியதும், வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"நீ போன் போட்டியா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"எடுக்குற வரைக்கும்."

சின்னமனூரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உத்தமபாளையத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஏறி, "டீச்சர்," என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரமே ஆலைக்குப் போவதை நிறுத்தினேன். மாஸ்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார், அவராக வரவில்லை. அந்தக் கடைசித் தாளைத் தவிர, அவர் எழுதிய மற்ற தாள்களையெல்லாம் ஆள் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

அம்மா என்னிடம் பேசாமல் இருக்கவில்லை. சாப்பிடச் சொன்னாள், குடை எடுத்துப்போகச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில்தான் முழந்தாளிட்டாள். ஆனால் பதினோரு வருஷமாகக் கேட்டுவந்த கேள்வியை அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வீட்டில் இருந்தவரைக்கும் எனக்குப் பயமாக இருந்தது. அது இல்லாமல் போனபின் வீடு தாங்க முடியாமல் இருந்தது. நான்கு வருஷம் அப்படியே போயிற்று.

இரண்டு வாரம் முன்பு மாஸ்டரின் மாணவர் போன் செய்தார். இரண்டு குழுக்களையும் இப்போது அவர்தான் நடத்துகிறார். மூன்றாவது படைப்பைச் சென்னையில் மறுபடி மேடையேற்றப்போகிறார்களாம். குடும்பத்தாரின் சம்மதக் கடிதம் இல்லாமல் அரங்கம் தரமாட்டார்கள் என்றார். மற்ற ஆறு வீட்டிலும் கையெழுத்து வாங்கியாயிற்று. "மாஸ்டருக்கு நாம செய்யுற மரியாதைங்க," என்றார். மாஸ்டருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை எதுவும் இல்லை என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்து, யார் என்று கேட்டாள். சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"ஐயா, நான் இவ அம்மா பேசுறேன்," என்றாள். அந்தப் பக்கம் அவர் நீளமாக ஏதோ சொன்னார். அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"செத்தவளப் பாடிக்கங்க. உசுரோட இருக்கவளப் பாடாதீக. போன் போட்டத அதுலருந்து எடுத்துருங்க. எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போடுறேன்."