எடை கேட்கும் ஏகாம்பரம்

“வண்டி கெடக்கட்டும் சார். நீங்க எத்தினி கிலோ?”

கரோல் பாக் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் ஏகாம்பரம் முதலில் கேட்பது இதைத்தான். “பின்சீட்ல யாரு குந்துவாங்க? அவங்க?” என்று குடும்பத்தையே தராசில் ஏற்றிவிடுவார். பிறகுதான் வண்டியின் மூலையில் இரு கைகளையும் ஊன்றி அழுத்திவிட்டுப் பார்ப்பார். ஒருமுறை எழும்பி அடங்கினால் தலையாட்டுவார். மேலும் ஆடினால், “ஷாக்கர் போச்சு” என்பார். ஷாக் அப்சார்பருக்குத் தில்லியில் அதுதான் பெயர்.

காஞ்சிபுரத்துக்காரர். பஸ்ஸே காலியாக இருந்தாலும் பின்சக்கரத்துக்கு மேலேதான் உட்காருவார். கேட்டால், “அங்கதான் ஸ்பிரிங் பேசும்” என்கிறார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்; எனக்கு இடுப்புவலிதான் பேசியது.

போன வாரம் கிட்வாய் நகர் வெங்கட்ராமன் வந்தார். அவர் மனைவி வைதேஹி பள்ளி ஆசிரியை; முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர். திங்களன்று விடுப்பு முடிகிறது. காரில் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான். வண்டி கேஸில் ஓடுவது; டிக்கியில் அதன் சிலிண்டர் இருக்கிறது. அந்தக் கனத்தில் வண்டி பின்னால் தாழ்ந்ததால், யாரோ ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைச் செருகியிருந்தார்கள்.

“ஸ்பிரிங்னா அமுங்கணும் சார். எடமே குடுக்காம அடைச்சிட்டா, குலுக்கல் நேரா முதுகுக்குத்தான போவும்?”

“அப்போ நன்னா கெட்டியா ஒண்ணு போட்டுடுங்கோ.”

“கெட்டியும் வாணாம், தொளதொளன்னும் வாணாம். சிலிண்டரு அறுவது, டீச்சர் அம்பத்தெட்டு. அதுக்கு எது போதுமோ அது.”

மூன்று ஜோடி ஸ்பிரிங் மாட்டிக் கழற்றி, நாலாவதில் திருப்தியானார். அதற்கேற்ற ஷாக்கரும் போட்டார்.

சனிக்கிழமை வெள்ளோட்டம். வேடிக்கை பார்க்க நானும் போனேன். “உங்க எம்பத்தாறு கிலோவ நான் கணக்குல சேக்கல” என்று முணுமுணுத்தபடிதான் என்னை ஏற்றிக்கொண்டார். அவரே ஓட்ட, வெங்கட்ராமன் முன்னால். பின்னால் என் பக்கத்தில் வைதேஹி, ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தார். ஏகாம்பரம் உள்கண்ணாடியைச் சாய்த்து, அந்தக் கைகள் தெரியும்படி வைத்துக்கொண்டார்.

முதல் வேகத்தடை. இரண்டாவது. கைகள் கைப்பிடியிலேயே இருந்தன. மூன்றாவதில் வண்டி ஏறி இறங்கும்போது, டீச்சர் முன்னால் சாய்ந்து கணவரின் தோளைத் தட்டினார்.

“ஏன்னா, மாடில துணி காயறதே, எடுத்தேளா?”

இன்னொரு கை மடியில் கிடந்தது. வெங்கட்ராமன் அசடு வழியத் திரும்பினார்.

ஏகாம்பரம் கையை உயர்த்தி, கண்ணாடியைப் பின்னால் வரும் வண்டிகள் தெரியும்படி நிமிர்த்தி வைத்தார்.